வலது பக்கத்து நிழல்

இந்தக் கவுனைத் தச்சவன் எவனோ, அவன் கையில ஊசியைக் குடுத்ததே தப்பு. அக்குள்கிட்ட துணியைக் கூட்டி இழுத்து வச்சிருக்கான், ஓரத்தை மடிச்சு அடிக்கவே இல்ல, பிசிறு பிசிறாத் தொங்குது, முதுகுல முடிச்சுப் போடுற நாடா ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டை. காலமெல்லாம் ஊருக்கே ஜாக்கெட் தச்சுக் குடுத்தவளை இதுக்குள்ள மாட்டி உக்கார வச்சிருக்காக, இதுக்கே ஒரு கேஸ் போடலாம். "முன்னால ஒருத்தர் உள்ள இருக்காரு, முடிஞ்சதும் கூப்பிடுதேன், இங்கனயே இருங்கம்மா"ன்னு சொல்லிட்டு அந்த எக்ஸ்ரே எடுக்குற பொண்ணு போயிருச்சு. துணி மாத்துற ரூம்னு பேரு, எங்க வீட்டுப் பீரோ இதைவிட அகலம். ஒரு ஸ்டூலு, ஒரு கண்ணாடி, ஒரு திரை. திரைக்கு அங்கிட்டு வராந்தா. திரைக்குக் கீழ ரெண்டு பழுப்புச் செருப்பு தெரியுது, வலது கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கிட்டே இருக்கு. எங்க வீட்டுக்காரகதான். கவலை வந்தா அந்த விரல் ஆடும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே ஆடுச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேனா, நான் முதல்ல பாத்தது அவுக மூஞ்சியை இல்ல, அந்த விரலைத்தான். "ஏங்க, காலை ஆட்டாதீக, எனக்கு இங்கன தலை சுத்துது." விரல் நின்னுச்சு. "நீ எதுக்கு என் காலைப் பாக்க?" "வேற என்ன இருக்கு இங்கன பாக்க?" சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல மறுபடி ஆரம்பிச்சிரும் பாருங்க. இந்தா, ஆடுது.

வயிறு வேற காந்துது. வெறும் வயித்தோட வரணும்னு நானே முடிவு கட்டிக்கிட்டேன், ரத்தம் குடுக்கப் போனா அப்படித்தான சொல்லுதாக. அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னா சிரிக்கா, "நெஞ்சைப் படம் எடுக்க எதுக்கும்மா பட்டினி, நாலு தோசை தின்னுட்டே வந்திருக்கலாமே"ங்கா. நாலு தோசை. சொல்லும்போதே வாய் ஊறுது. இத்தனைக்கும் இது ரெண்டாவது தடவை. போன வாரம் ஒரு தடவை எடுத்தாச்சு. மழை விட்டும் என் இருமல் விடல, இழுத்துக்கிட்டே கிடந்தேன், டாக்டர் முதுகுல குழாயை வச்சுக் கேட்டாரு, எதுக்கும் ஒரு படம் எடுத்துருவோம்னாரு, எடுத்தோம், படத்தை வெளிச்சத்துல மாட்டிப் பாத்தாரு. அதுவரைக்கும் அவரு மக பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் பாவாடை சட்டை தைக்கணும்னு என்கிட்டப் பேசிக்கிட்டே இருந்த மனுசன் டக்குன்னு பேச்சை நிறுத்துனாரு. டாக்டர்மாரு பேச்சை நிறுத்தக் கூடாதுங்க. "வலது பக்கம் மேல ஒரு நிழல் மாதிரி தெரியுது. பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு வாரம் மருந்து சாப்பிடுங்க, இன்னொரு படம் எடுத்துப் பாத்துட்டு மேல பேசுவோம்"னாரு. பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். மேல பேசுவோம்னா என்னத்தைப் பேச? நிழல்னா எதோட நிழல்? வெயில்ல நின்னா நிழல் விழும், என் நெஞ்சுக்குள்ள எந்த வெயில் அடிக்குது? வீட்டுக்கு வந்து தையல் மிஷின்ல உக்காந்தா கால் மிதிக்குது, கை துணியைத் தள்ளுது, மனசு மட்டும் வலது பக்கம் மேல போயி நிக்குது. ஒரு நாள் பாபினைக் கழட்டினேன். உள்ள நூல் தூசி, அடை அடையா. ஊதினேன், பறந்துச்சு. பறந்தது எங்க போகும்? மூக்குக்குள்ளதான் போகும். அடப்பாவி, இத்தனை வருஷமா ஊதி ஊதி உள்ள இழுத்த தூசியெல்லாம் ஒண்ணாச் சேந்து உருண்டையா உக்காந்திருக்கும் போலயேன்னு கையும் ஓடல காலும் ஓடல. மிஷினுன்னா பிரஷ் வச்சுத் தட்டி ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாப் போகும். நெஞ்சை எங்க கொண்டுபோய்த் தட்ட? அன்னைக்கு ஒரு கலியாணப் பொண்ணு ஜாக்கெட்டுக்குக் கையை மாத்தி வச்சுத் தச்சுட்டேன், பிரிச்சுத்தான் தச்சேன்.

அதுகூடப் பரவாயில்ல. இந்த ரசம் இருக்கே, அதுதான் என்னையக் கொல்லுது. டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்த மறுநாள் காலையில அவுக அடுப்படிக்கு வந்து நின்னாக. அடுப்படி எந்தத் திசையில இருக்குன்னு கேட்டா யோசிச்சுச் சொல்ற மனுசன். மில்லுல ஓடுற மிஷினைச் சத்தத்தை வச்சே என்ன கோளாறுன்னு சொல்லுவாக, பால் பொங்குனா மட்டும் 'வடிவு, என்னமோ சத்தம் கேக்கு'ம்பாக. அப்பேர்ப்பட்டவுக வந்து நின்னு, "ரசத்துக்குப் பெருங்காயம் எப்பப் போடணும்?"னு கேக்காக. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. "எதுக்குக் கேக்கீக?" "சும்மாதான்." சும்மாவாம்! கலியாணம் ஆன நாள்லருந்து சும்மாக்கூடக் கேக்காத கேள்வி. மறுநாள் புளி எவ்வளவு ஊறணும்னு கேட்டாக. அதுக்கு மறுநாள் என்னைய நாக்காலியில உக்கார வச்சுட்டு அவுகளே வச்சாக. வாயில வைக்க முடியல, ஒரே உப்பு, நல்லா இருக்குன்னு சொல்லி ரெண்டு டம்ளர் குடிச்சேன். ஏன் இப்பக் கத்துக்கிடுதாக? டாக்டர் அவுகளைத் தனியாக் கூப்பிட்டு எதும் சொல்லியிருப்பாரோ? நான் இல்லாத வீட்டுல ரசம் வச்சுக் குடிக்க இப்பமே பழகுதாகளோ? கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும், ஆமான்னு சொல்லிட்டாகன்னா என்ன செய்யன்னு முழுங்கிருவேன். என் வாய்க்கு ஊரே பயப்படும், இந்த ஒரு வார்த்தை மட்டும் வெளிய வர மாட்டேங்கு. மதுரையில இருக்க மககிட்டக்கூடச் சொல்லல, சளின்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.

கையில வேலை இல்லன்னா இந்தக் கை தானாக் கழுத்துக்குப் போயிருது. சங்கிலி இல்ல, அவுக சட்டைப் பையில கைக்குட்டைக்குள்ள முடிஞ்சு இருக்கு. தங்கம் படத்துல விழுமாம், ஜாக்கெட் கொக்கி விழுமாம், ஊக்கும் விழுமாம். தையக்காரி தாலிச் சங்கிலியில ஊக்குக்கா பஞ்சம், கழட்டும்போது சலங்கை மாதிரி சத்தம் கேட்டுச்சு. அதுக்காக வெறுங்கழுத்தா இருக்க முடியுமா? மஞ்சக் கயித்துல ஒரு விரலி மஞ்சளைக் கட்டி முதல்ல கழுத்துல போட்டுக்கிட்டு, அதுக்கப்புறந்தான் சங்கிலியைக் கழட்டினேன். எங்க பக்கத்துல எல்லாரும் செய்றதுதான், தாலிக்குப் பதிலா மஞ்சக் கிழங்கு. புருசன் ஆயுசு விசயத்துல ஒரு நொடிகூட இடைவெளி விடக் கூடாதுல்லா. டப்பாவைக் கவுத்து நல்ல தடிமனான கிழங்காப் பொறுக்கி எடுத்தேன், அவுக ஆயுசுக்குச் சுள்ளியையா கட்டுவாக? போன வாரமும் இதே கிழங்குதான். அன்னைக்குப் படம் எடுத்தவரு கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டே "கழுத்துல உள்ளதெல்லாம் கழட்டியாச்சாம்மா"ன்னு கேட்டாரு, "ஆச்சுய்யா"ன்னேன். கிழங்கு என்ன தங்கமா இரும்பா? கண்ணுல பட்டா அதையும் கழட்டச் சொல்லிருவாருன்னு கவுனுக்குள்ள ஒதுக்கி விட்டுக்கிட்டேன். பயந்தான் காரணம். அவுகளுக்கு ஒரு தடவை நெஞ்சு வலி வந்துச்சு. மில்லுலருந்து வந்தாக, ஒண்ணுமில்ல வடிவு, வாயுதான்னாக, சொல்லி முடிக்கல, அப்படியே சுவத்தோட சரிஞ்சுட்டாக. ஆஸ்பத்திரி வாசல்ல தாலியை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு நின்னேன், பிடிச்ச பிடியில உள்ளங்கையில தடம் விழுந்துருச்சு. பிழைச்சு வந்தாக. அன்னையிலருந்து வெள்ளி தவறாம அம்மன் சந்நிதியில ஒரே வேண்டுதல்தான்: தாயே, அவுகளுக்கு முன்னால என்னையக் கூப்பிட்டுக்கோ, மஞ்சளும் பொட்டுமா அனுப்பி வச்சிரு. நான் மட்டுமா கேக்கேன், பக்கத்துல கண்ணை மூடி நிக்குற அத்தனை பொம்பளைகளும் அதைத்தான் கேக்குதாக. கேக்கும்போது எவ்வளவு சுகமா இருக்கும் தெரியுமா, நல்ல சாவு, பட்டுச்சேலை, ஊரே கண்ணீர். இப்போ நிழலு வந்து வலது பக்கம் நிக்கும்போது, அம்மா, எனக்கு வேண்டாம்னு இருக்கு. அந்த மனுசனை ரசத்தோட தனியா விட்டுட்டு எப்படிப் போவேன்? கேட்டது நான்தான், இல்லங்கல. ஆனா அவ அம்மன்தான, கையை மாத்தி வச்ச ஜாக்கெட்டையே பிரிச்சுத் தைக்க முடியுது, கேட்ட வரத்தைப் பிரிக்க முடியாதா?

"செண்பகவடிவு, கணவர் பெயர் ஆறுமுகவேல்"னு பேரைச் சரி பாத்துக் கூப்பிட்டு உள்ள விட்டுச்சு அந்தப் பொண்ணு. ஜெனிட்டான்னு சட்டையில பேரு குத்தியிருக்கு. உள்ள ஏசி, கவுனுக்குள்ள காத்து புகுந்து விளையாடுது. சுவத்துல ஒரு போர்டு, கர்ப்பமா இருந்தா முன்கூட்டியே சொல்லணுமாம். "நான் சொல்லணுமாம்மா?"ன்னேன், "உங்க இஷ்டம்மா"ன்னு சிரிச்சா. நல்ல பிள்ளை. என் பின்னலைச் சுருட்டி உச்சியில தூக்கிக் கட்டுனா, முடி தொங்குனாலும் படத்துல விழுமாம், நிமித்தி நிக்க வச்சா, அப்படியே கழுத்துகிட்ட அவ கை நின்னுச்சு. "இது என்னம்மா கயிறு?" "சும்மா மஞ்சக் கயிறு." "கயித்துல என்ன?" "மஞ்சக் கிழங்கு. தங்கமும் இல்ல, இரும்பும் இல்ல, அது பாட்டுக்குக் கிடக்கும், நீ எடு." அவ எடுக்கல. என்னைய ஒரு மாதிரி பாத்தா. "போன வாரமும் இதைப் போட்டுக்கிட்டா எடுத்தீங்க?" "பின்ன?" "எங்கன கிடந்துச்சு?" இந்தா இங்கனன்னு கையை வச்சேன். வச்ச கை அப்படியே நின்னுருச்சு. வலது பக்கம். மேல. எனக்குச் சிரிப்பு வரணுமா அழுகை வரணுமான்னு தெரியல, இருமல்தான் வந்துச்சு. ஜெனிட்டா கம்ப்யூட்டருக்கு ஓடிப் பழைய படத்தைப் பாத்துட்டு வந்தா. "நான் எதும் சொல்லக் கூடாதும்மா, டாக்டர்தான் சொல்லணும். ஆனா கிழங்கும் படத்துல விழும். இப்பவும் போட்டுக்கிட்டு எடுத்தா கிழங்கு எது, நிழலு எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. கழட்டிருங்க." கழட்டிருங்கன்னு எவ்வளவு லேசாச் சொல்லிட்டா! சங்கிலி அங்கிட்டு, கிழங்கும் இல்லன்னா என் கழுத்துல என்ன இருக்கு? இது வரைக்கும் ஒரு நிமிஷம் வெறுங்கழுத்தா இருந்ததில்ல. அந்த ஒரு நிமிஷத்துல அவுக வராந்தாவுல சரிஞ்சு விழுந்துட்டாகன்னா? நெஞ்சுல ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சு நான் மட்டும் நூறு வயசு இருந்து என்னத்தைக் கிழிக்க? "முடியாதும்மா"ன்னுட்டேன். பாவம் அந்தப் பிள்ளை, எத்தனை பொம்பளைகளைப் பாத்திருக்குமோ, கோவப்படல, கதவைத் திறந்து அவுகளைக் கூப்பிட்டு விவரத்தைச் சொன்னா.

அவுக வாசல்ல நின்னு என்னையப் பாத்தாக. கொண்டை உச்சியில, பிசிறு பிடிச்ச கவுனு, கிழங்கைப் பிடிச்ச கை, அந்தக் கோலத்துல அவுக முன்னால நிக்க வெக்கமாப் போச்சு. "கழட்டு வடிவு." "நீங்க சும்மா இருங்க." "எனக்கு ஒண்ணும் ஆகாது." "அன்னைக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுத்தான சரிஞ்சீக?" கட்டைவிரல் ஆடுச்சு. அப்புறம் சொன்னாக, "சரி, இப்படிச் செய்வோம். நான் கதவுக்கு வெளிய நின்னு சத்தம் குடுத்துக்கிட்டே இருக்கேன். என் சத்தம் கேக்குற வரைக்கும் நான் இருக்கேன்னு அர்த்தம். சரிதானா?" மில்லுத் தொண்டை, நூல் சுத்துற ஆயிரம் கதிர் ஓடுற சத்தத்தைத் தாண்டிக் கேக்கும், கதவெல்லாம் அதுக்கு எம்மாத்திரம். "நிறுத்தக் கூடாது"ன்னேன். "நிறுத்த மாட்டேன்." கிழங்கைக் கழட்டி அவுக கையில குடுத்தேன். குடுத்ததும் கழுத்து சில்லுன்னு ஆயிருச்சு, ஏசிதான். கதவு சாத்திருச்சு. ஜெனிட்டா என்னைய ஒரு பலகையோட ஒட்டி நிறுத்துனா, யம்மா என்ன சில்லு, ஐஸ் பெட்டியைக் கட்டிப் பிடிச்ச மாதிரி. நாடியைத் தூக்கி மேல வைங்க, கையை இடுப்புல வைங்க, தோளை முன்னாடி தள்ளுங்க, இன்னும் கொஞ்சம், அசையாதீங்கன்னா. ஊருக்கெல்லாம் அளவெடுத்தவளை இன்னைக்கு ஒருத்தி அளவெடுக்கா. வெளிய சத்தம் ஆரம்பிச்சிருச்சு. "வடிவு, இருக்கேன். இருக்கேன். நல்லா இருக்கேன்." வராந்தாவுல யாரோ சிரிக்காக. அவுகளுக்கு என்ன சொல்லன்னு தெரியல போல, ஒரு செகண்டு இழுத்துட்டு, "புளியைக் கரைச்சு வச்சுக்கிடணும்"னாக. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "தக்காளியைப் பிசைஞ்சு விடணும். மஞ்சப்பொடி, உப்பு... உப்பு கம்மியாப் போடணும்." ஜெனிட்டா சுவருக்குப் பின்னால போயிட்டா, அங்கருந்து சொல்லுதா, "மூச்சை நல்லா இழுங்க, இழுத்துப் பிடிங்க, விடாதீங்க." இழுத்தேன். இருமல் தொண்டைக்குழியில வந்து முட்டுது, அமுக்கினேன். "பச்சை வாசனை போகக் கொதிக்க விடணும். அதுக்கப்புறம் மிளகு சீரகம் தட்டிப் போடணும். அதுக்கப்புறம்..." நின்னுருச்சு. சத்தம் நின்னுருச்சு. அதுக்கப்புறம் என்ன? அதுக்கப்புறம் என்னங்க? கத்தணும்னு இருக்கு, மூச்சை விடக் கூடாது, அசையக் கூடாது, வெறுங்கழுத்து, வெளிய சத்தம் இல்ல. தாயே, நான் கேட்டதையெல்லாம் மறந்துரு, அவுகளும் வேணும், நானும் வேணும், அந்த உப்பு ரசத்தை இன்னும் எத்தனை டம்ளர் வேணாலும் குடிக்கேன், ஏதாவது ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம். எங்கயோ டிக்குன்னு ஒண்ணு கேட்டுச்சு. "ஆங், பெருங்காயம்!"னு கதவுக்கு வெளிய இருந்து வந்துச்சு குரலு. "பெருங்காயம்! நுரை கட்டுனதும் இறக்கிரணும்!" ஜெனிட்டா மூச்சை விடலாம்னு சொல்றதுக்குள்ள நான் விட்டுட்டேன், விட்ட மூச்சுல பாதி சிரிப்பு, பாதி இருமல், கண்ணுலருந்து தண்ணி தாரை தாரையா ஊத்துது. "அவ்வளவுதாம்மா, எடுத்தாச்சு"ங்கா. வலியும் இல்ல, ஒரு சூடும் இல்ல, இதுக்காகவா ஒரு வாரம் செத்துப் பிழைச்சேன்? கையைத் தலைக்கு மேல தூக்கச் சொல்லிப் பக்கவாட்டுல இன்னொண்ணும் எடுத்தா. அதுக்கு அவுக ரசத்தை முதல்லருந்து ஆரம்பிச்சிட்டாக.

சேலையைக் கட்டிக்கிட்டுப் போனேன், டாக்டர் அடுத்த ரூம்லதான் இருந்தாரு. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுனாரு. பழைய படத்துல வலது பக்கம் மேல வெள்ளையா, விரல் கணக்கா ஒண்ணு. இப்போ எடுத்ததுல அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல, விலா எலும்பு வரிசையா அழகா, இழை பிசகாமப் போட்ட தையல் மாதிரி. பாத்துட்டே இருக்கலாம் போல இருந்துச்சு. என் நெஞ்சு இவ்வளவு சுத்தமா இருக்கும்னு நானே நினைக்கல. "மஞ்சளாம்மா?"ன்னு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டுக் கேட்டாரு டாக்டர். "பெரிய கிழங்கு போலயே." "புருசன் ஆயுசுல்லா டாக்டர், சின்னதாவா கட்ட முடியும்?" சாதாரண சளி இருமல்தான், மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுங்கன்னுட்டு மறுபடியும் மக பாவாடை சட்டைக்கு வந்துட்டாரு. அப்பாடா, மனுசன் பேச ஆரம்பிச்சுட்டாரு. ஜெனிட்டாகிட்டப் போயி, அளவெல்லாம் எனக்குத் தெரியும், உங்க கவுனைப் பூராவும் மூட்டையாக் கட்டிக் குடு, நாடாவாவது ஒழுங்கா வச்சுத் தாரேன்னு சொல்லிட்டுத்தான் வெளிய வந்தேன்.

வராந்தாவுல வச்சே கைக்குட்டையைப் பிரிச்சுச் சங்கிலியை எடுத்தாக. கிழங்கை முதல்ல போடவா, சங்கிலியைப் போடவான்னு கேக்காக, எல்லாம் தெரிஞ்ச மாதிரி. குனிஞ்சேன். கொக்கி மாட்ட வரல, கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டாக, ஊக்கு ஒவ்வொண்ணா விலக்கி விலக்கித் தடவுதாக. கலியாணத்தன்னைக்கும் இப்படித்தான் முடிச்சு விழாம மேளக்காரர் அடிச்சு அடிச்சுக் கை ஓய்ஞ்சாரு. பெஞ்சில இருந்த சனமெல்லாம் பாக்குது, பாத்தாப் பாக்கட்டும். குனிஞ்சவாக்குல கேட்டுட்டேன், ஒரு வாரமா முழுங்கினதை: "எதுக்குங்க ரசம் வைக்கக் கத்துக்கிட்டீக?" "நீ இருமிக்கிட்டே தாளிக்கிற புகையில நிக்க. பாத்துக்கிட்டு இருக்க முடியல." அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல. கொக்கி மாட்டிக்கிடுச்சு. சங்கிலி நெஞ்சுல பட்டதும், அது வரைக்கும் அவுக பையில கிடந்ததால கதகதன்னு இருந்துச்சு. கிழங்கை வாங்கி முந்தியில முடிஞ்சுக்கிட்டேன், நாளைக்குக் காலையில கல்லுல உரசிப் பூசிக் குளிச்சுருவேன், என் நெஞ்சுக்குள்ள போயி ஒரு வாரம் குடியிருந்த கிழங்கு, சும்மா தூக்கிப் போட முடியுமா? முதல்ல எதிர்க்கக் கிளப்புக் கடையில தோசை. வெள்ளிக்கிழமை அம்மன்கிட்டப் போயி அந்தப் பழைய வேண்டுதலை வாபஸ் வாங்கணும். முன்னால யாரு, பின்னால யாருங்குற கணக்கே இனி வேண்டாம், எங்க ரெண்டு பேருக்கும் ஒரு அவசரமும் இல்ல தாயேன்னு சொல்லணும்.